இருநூற்று எழுபத்து நாலு துப்பாக்கி விளைந்த உப்பளம்

சங்குமுனை உப்பளத்தில் முதல் துப்பாக்கி விளைந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. விளைந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்பு எப்படி விளையுமோ அப்படியேதான் அதுவும் விளைந்தது. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலுக்கு விட்டு, ஐந்தாம் நாள் மேலே ஆடை பிடித்து, ஆறாம் நாள் கல்கல்லாக இறுகி, ஏழாம் நாள் காலையில் லூர்தம்மாள் பலகையைப் போட்டு இழுத்தபோது உப்போடு உப்பாக ஒரு ரிவால்வர் உருண்டு வந்தது. ஆறு குண்டு போடும் உருளை, தேக்குப் பிடி, ஒரு பொட்டுத் துரு இல்லை, பிடிக்கு அடியில் 37 என்று ஓர் எண். லூர்தம்மாள் அதை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு மீதிப் பாத்தியை வாரப் போய்விட்டாள், வெயில் ஏறுவதற்குள் வார வேண்டியது அவ்வளவு கிடந்தது.

மறுநாள் 112 வந்தது, அதற்கு மறுநாள் 9 வந்தது, சனிக்கிழமை ஒரே பாத்தியில் 205ம் 61ம் சேர்ந்து வந்தன. எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வதற்கு ஊரில் ஆள் இல்லை. வந்ததை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு ஆள் நிறைய இருந்தார்கள். விசையை இழுத்தால் வெடிக்காது, குழாய் நுனியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மீன் காயப்போடும் கொடிக்குக் கனமாக அதைத் தொங்கவிட்டார்கள், உப்பு அம்பாரத்தின் மேல் விரித்த தார்ப்பாய் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கு நாலு வைத்தார்கள், காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவுக்கு அண்டை கொடுத்தார்கள், கொதிக்கிற குழம்பில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் உப்பு கையால் போட்டதைவிடக் கச்சிதமாக விழுகிறது என்று கண்டுபிடித்த பிறகு துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்கள் துப்பாக்கி உள்ள வீட்டில் இரவல் கேட்டார்கள். 60ம் எண்ணும் 61ம் எண்ணும் எந்த இரண்டு வீட்டுக்குப் போயினவோ அந்த இரண்டு வீடும் பதினோரு வருஷமாக முகம் பார்க்காதவை. அடுத்தடுத்த எண்காரர்கள் பங்காளி முறை ஆவார்கள் என்று ஊர் ஏகமனதாக முடிவு செய்துவிட்டதால், வேறு வழியில்லாமல் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சண்முகக்கனிக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் உப்பு வாருகிறவள் இல்லை. சங்குமுனையிலிருந்து டவுனுக்குப் போகும் 'முத்துமாலை' மினிபஸ்ஸில் அவள் கண்டக்டர், அவள் புருஷன் அய்யம்பெருமாள் டிரைவர். நாற்பது வயதில் தோளில் தோல்பையும் விரலிடுக்கில் சீட்டுக்கட்டுமாக அவள் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் காற்றுக்கு எதிர்த்திசையிலும் கேட்கும். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதற்காக ஊரே அவளைக் கிண்டல் செய்தது. அதே பாதையில் ஓடும் 'தங்கரதம்' வண்டியின் பயணிகள் இறங்கிப் போனதும், கீழே கசக்கிப் போட்ட சீட்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்குவாள். பத்துப் பன்னிரண்டு சீட்டு சேர்ந்ததும் அதிலுள்ள எண்களைப் பார்த்து, "இன்னைக்குத் தங்கரதத்துல நூத்தி நாப்பத்தாறு பேரு ஏறியிருக்காவ" என்பாள். தங்கரதத்துக் கண்டக்டர் சாயங்காலம் தன் கட்டை எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்தைந்தோ நாற்பத்தேழோ இருக்கும். தன் வண்டிக்குள் அவள் ஆள் வைத்திருக்கிறாள் என்று அவன் மூன்று வருஷமாகச் சந்தேகப்பட்டான்.

துப்பாக்கி விளைகிற சேதி வெளியே போனது ஒரு படத்தால். வெளியூரிலிருந்து கருவாடு வாங்க வந்தவர் கொடியில் காயும் சாளை மீனையும் கனத்துக்குத் தொங்கும் ஏழு ரிவால்வரையும் செல்போனில் எடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் மூன்று போலீஸ் ஜீப்புகள் வந்தன. வீடு வீடாகப் போய், கதவண்டையும் குழம்புச்சட்டியும் தேடி, மொத்தம் இருபத்து நாலு துப்பாக்கிகளை எடுத்துச் சங்கக் கொட்டகையில் மேசை போட்டு அடுக்கினார்கள். நானூறு பாத்திகளையும் மஞ்சள் நாடா கட்டி, அரக்கு வைத்து மூடினார்கள். பாத்திகள் சங்குமுனை உப்புத் தொழிலாளர் சங்கம் அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தவை. அந்தக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் ஆடி முப்பத்தொன்று என்று எல்லோருக்கும் தெரியும். உப்பளம் இல்லையென்றால் சங்குமுனை இல்லை, சங்குமுனை இல்லையென்றால் முத்துமாலையில் ஏற ஆளில்லை என்பதும் சண்முகக்கனிக்குத் தெரியும்.

சார் ஆட்சியர் நிவேதனா முப்பது வயதுகூட ஆகாத பெண். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர், யாரையும் நிற்கவைத்துப் பேசாதவர். கொட்டகையில் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தண்ணிக்குள்ள மொத்தம் எத்தனை துப்பாக்கி இருக்கு? அது தெரிஞ்சாத்தான், எல்லாம் வெளிய வந்துடுச்சான்னு சொல்ல முடியும். எல்லாம் வந்துடுச்சுன்னு எழுதினாத்தான் நாடாவை அவிழ்க்க முடியும்."

அதைச் சொல்வதற்கென்றே அவர் குன்னூரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். நஞ்சுண்டராவ் முப்பது வருஷமாகப் பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கிறவர். எந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் எந்த நாட்டில் எந்த வருஷம் எத்தனை செய்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். இந்த இருபத்து நாலையும் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் பார்த்தார். முத்திரை இல்லை, செய்தவன் பேர் இல்லை, இதைப்போல ஒன்று உலகத்தில் எந்தச் சேகரத்திலும் இல்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஆனால் எத்தனை என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை.

"பட்டறை வைத்து, அச்சு வார்த்து, உருளை கடைந்து வேலை செய்த எவனும் ஆயிரத்துக்குக் குறைந்து செய்ததாகச் சரித்திரம் கிடையாது. என் கணிப்பு ஆயிரத்து இருநூறு."

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காவல் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பாத்தி வாரலாம் என்று உத்தரவு, ஒரு பாத்திக்கு இரண்டு துப்பாக்கி வந்தால் அதிகம். ஆயிரத்து இருநூறு வருவதற்குள் இரண்டு ஆடி போய்விடும் என்று கணக்குத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்தது. அப்போது பின்வரிசையில் இருந்து சண்முகக்கனி எழுந்தாள்.

"மேடம், நான் கண்டக்டரு. ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அந்தத் துப்பாக்கியள நம்பர்ப்படி அடுக்கச் சொல்லுங்க."

அடுக்கினார்கள். ஆகச் சிறியது 9, ஆகப் பெரியது 264. சண்முகக்கனி மேசைப் பக்கம் வந்து, வண்டியில் சீட்டுக் கிழிக்கிற விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"கடைசி நம்பரு எரநூத்தி அறுவத்தி நாலு. கையில இருக்கது இருவத்தி நாலு. அப்பம் நம்ம கண்ணுல படாதது எரநூத்தி நாப்பது. ஒரு துப்பாக்கிக்குப் பத்து வீதம் ஒளிஞ்சி கெடக்கு. கீழ இருக்க இடைவெளியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பத்து பத்தா இருக்கும்போது, மேல இருக்க இடைவெளி மட்டும் எதுக்குத் தொள்ளாயிரமா இருக்கணும்? அதுவும் பத்துதான். எரநூத்தி எழுவத்தி நாலு."

நஞ்சுண்டராவ் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு.

"அம்மா, பஸ் டிக்கெட்டும் ரிவால்வரும் ஒண்ணா?"

"நம்பரு நம்பருதான் ஐயா. ஆயிரத்து எரநூறு பேரு ஏறுன வண்டின்னு வச்சிக்கிடுங்க. எறங்குன எடத்துல கண்ணை மூடிட்டு இருவத்தி நாலு சீட்டு பொறுக்குதேன். இருவத்தி நாலும் மொத எரநூத்தி அறுவத்தி நாலு பேரு போட்ட சீட்டாவே இருக்குமா? மத்தவியள்லாம் என்ன, சீட்டைத் தின்னுட்டா போனாவ?"

கொட்டகை அதிரச் சிரித்தது. தங்கரதத்துக் கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை, மூன்று வருஷத்துச் சந்தேகம் தீர்ந்த முகத்தோடு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

சார் ஆட்சியர் அதைத் தாளில் போட்டுப் பார்த்தார், அடித்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், இதை நான் மேலே அனுப்புகிறேன், ஆனால் எண்ணைச் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றிலிருந்து இருநூற்று எழுபத்து நாலு வரை ஒன்றுவிடாமல் ஆடி முப்பத்தொன்றுக்குள் இந்த மேசைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சரி, பட்டியலுக்கு வெளியே ஒன்று வந்தாலும் சரி, குத்தகை ரத்து, கையெழுத்துப் போட்டவர் மேல் ஆயுதம் பற்றிப் பொய்த்தகவல் கொடுத்ததாக வழக்கு.

"கூடக் குறைய இருக்கும்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடலாமா மேடம்?"

"அரசாணையில கூடக் குறைய கிடையாதும்மா."

அய்யம்பெருமாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "வேண்டாம் கனி. ஊருக்கு வேற ஆளா இல்ல? நீ எதுக்குப் போயி கழுத்தக் குடுக்க?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. சீட்டு பொறுக்கி எண் சொல்கிறவளுக்குத்தான் அந்த எண் எவ்வளவு வழுக்கும் என்று தெரியும். இருநூற்று எழுபது இருக்கலாம், எண்பத்தைந்தும் இருக்கலாம், ஒன்றிரண்டு தப்பினால் தங்கரதத்துக்காரன் சிரிப்பான், அதோடு போகும் என்றிருந்த விளையாட்டு இப்போது ஜெயிலில் வந்து நிற்கிறது. ஆனால் ஆயிரத்து இருநூறு என்று எழுதிவிட்டால் ஊர் செத்தது நிச்சயம், இருநூற்று எழுபத்து நாலு என்று எழுதினால் பிழைக்க வழியிருக்கிறது. "வேற ஆளுக்கு இந்தக் கணக்குத் தெரியாதுல்லா அத்தான்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி, க.சண்முகக்கனி, நடத்துநர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து சங்குமுனைக்கு வேறொரு காலம் தொடங்கியது. கொட்டகையின் வெள்ளைச் சுவரில் சண்முகக்கனி தன் கையால் 1 முதல் 274 வரை கரிக்கட்டியால் எழுதினாள். தினமும் காலையில் ஒரு பாத்தி, சுற்றி நாலு போலீஸ்காரர்கள், பலகையோடு இரண்டு பெண்கள், கரையில் ஊர். துப்பாக்கி வந்ததும் போலீஸ்காரர் எண்ணைக் கத்துவார், ஊர் திரும்பிச் சுவரைப் பார்க்கும், சண்முகக்கனி அந்த எண்ணின் குறுக்கே ஒரு கோடு போடுவாள். வாரிய உப்பை யாரும் அளக்கவோ எடுக்கவோ கூடாது. அது சாட்சி என்று ஓரமாகக் குவித்து, அதற்கும் ஒரு போலீஸ்காரரைப் போட்டார்கள், சாட்சி உப்பு நாளுக்கு நாள் ஏறி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. உப்பு வாராத பெண்கள் டவுனுக்குத் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள், அவர்களை முத்துமாலை ஏற்றிப் போய் ஏற்றி வந்தது, சீட்டுக் கிழிக்கும்போது ஒவ்வொருத்தியும் "இன்னைக்கு என்ன நம்பருளா?" என்று கேட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளாத எண்களைச் சுவரில் கற்றுக்கொண்டன. பிடிவாதமாக வராமல் இருந்த 143ஐ ஊர் திட்டித் தீர்த்தது, அது வந்த அன்று அதற்கு மாலை போட்டார்கள்.

அறுபது துப்பாக்கி சேர்ந்தபோது பெரிய எண் 270. சண்முகக்கனி மறுபடியும் வகுத்துப் பார்த்தாள், மேலே மூன்றரை வந்தது. துப்பாக்கியில் அரை கிடையாது என்பதால் 273 அல்லது 274 என்று புரிந்துகொண்டு அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். நூற்றைம்பது சேர்ந்தபோது பெரிய எண் 273. வகுத்தால் மேலே ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் தொண்டை கிழிய, "எரநூத்தி எழுவத்தி நாலு!" என்று கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள், தங்கரதத்துக் கண்டக்டர் தன் வண்டியின் ஹாரனைக் கை எடுக்காமல் அமுக்கினான். நஞ்சுண்டராவ் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. 275 வரும், நான் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் குன்னூருக்குத் திரும்பவே இல்லை, சங்கக் கொட்டகையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார், சாளைக் குழம்புக்கும் பழகிவிட்டார்.

275 வரவில்லை. ஆடி இருபத்தெட்டாம் தேதி சுவரில் எல்லா எண்ணுக்கும் கோடு விழுந்துவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. ஆக மேலே, ஆக முதலில், 1 என்று அவள் கையால் எழுதியது மட்டும் கோடு விழாமல் நின்றது. இருபத்தொன்பதாம் தேதி வாரினார்கள், உப்பு வந்தது. முப்பதாம் தேதி வாரினார்கள், உப்பு வந்தது. அய்யம்பெருமாள் வக்கீலைப் பார்க்க டவுனுக்குப் போய் வந்தான். வேண்டாத தெய்வமில்லை. சூசையப்பர் கோயிலில் மெழுகுவர்த்தியும் அம்மன் கோயிலில் மாவிளக்கும் ஒரே நாளில் ஏற்றினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை, அன்றைய பாத்தியின் கடைசி மூலையில், பலகை எதிலோ தட்டியது. போலீஸ்காரர் பாய்ந்து எடுத்தார். எடுத்தவர் கத்தவில்லை. பிடியின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உப்பைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு கொண்டுபோய் சார் ஆட்சியர் முன்னால் வைத்தார்.

அதில் எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எழுத்து வெட்டியிருந்தது. 'லாபம்'.

நஞ்சுண்டராவ் பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். "இது வேற வரிசை" என்றார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. "எண் போட்டது ஒரு வரிசை. எண் போடாம, விக்கிறதுக்குன்னு தனியா முத்திரை குத்தினது இன்னொரு வரிசை. அது எத்தனையோ, யாருக்குத் தெரியும்? முதல் எண்ணும் வரலை, பட்டியலுக்கு வெளியேயும் ஒண்ணு வந்துடுச்சு. என்னை மன்னிச்சுடும்மா."

சண்முகக்கனி சுவரைப் பார்த்தாள். ஐந்து மாதமாக அவள் பார்த்துப் பார்த்துப் பாடமான சுவர், அதில் இந்த மூன்று எழுத்துக்கு இடமே இல்லை. அவள் அறிந்த சீட்டுக்கட்டு எல்லாம் 001 என்றுதான் தொடங்கும், அதைக் கிழித்துத்தான் முதல் ஆளை ஏற்றுவாள், முதல் சீட்டு இல்லாத கட்டை அவள் பார்த்ததில்லை. ஒரு பெண் போலீஸ் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சார் ஆட்சியர் பேனா மூடியைத் திறந்தார், திறந்தவர் எழுதாமல் வைத்திருந்தார்.

அப்போது லூர்தம்மாள் முழங்கால் வரை உப்பு அப்பிய காலோடு பாத்தியிலிருந்து ஏறி வந்தாள்.

"என்னளா கனி, செத்த வீடு மாதிரி நிக்கிய? கடைசித் துப்பாக்கி வந்துட்டுன்னாவ?"

"அது நம்ம வரிசையில இல்லியாம்ளா."

"ஏன், என்ன எழுதியிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

சார் ஆட்சியருக்குப் பின்னால் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தாசில்தார்தான், கிழக்கே பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னார். "லாபம்."

லூர்தம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடல் வரைக்கும் கேட்கச் சிரித்தாள்.

"அட கோட்டிக்காரியளா! லாபம் வந்துட்டுன்னா மொதக் கூடை வந்துட்டுன்னுல்லா அர்த்தம்! எந்தக் கூறுகெட்டவன் மொதலுக்கு ஒண்ணும்பான்? லாபம், ரெண்டு, மூணு! நம்ம அப்பன் பாட்டன்லாம் அப்படித்தானே அளந்தான்!"

சண்முகக்கனிக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அடித்தும்கொண்டாள். இந்தக் கரையில் உப்பு அளந்தாலும் நெல் அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை, ஒன்றென்று குறுக்கித் தொடங்கினால் அம்பாரம் வளராது என்று லாபம் என்றுதான் தொடங்குவார்கள், அவள் அம்மாவும் அப்படித்தான் அளந்தாள், அவளுக்கும் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். ஐந்து மாதமாக ஊரில் ஒரு கூடை உப்பு அளக்கப்படவில்லை, அதனால் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. வாயால் எண்ணியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பஸ் சீட்டு நினைப்பில் கரிக்கட்டியை எடுத்து முதல் எண்ணாக 1 என்று எழுதியவள் அவள்தான்.

"மேடம்! தப்பு சுவருலதான், துப்பாக்கியில இல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெண் போலீஸ் இரண்டடி தள்ளிப் போனாள்.

சார் ஆட்சியர் லேசில் நம்புகிறவர் இல்லை. ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி செய்தார். இந்தக் களேபரத்தைப் பார்க்காமல் அப்போதுதான் டவுனிலிருந்து வந்து இறங்கிய தீப்பெட்டிப் பெண்கள் மூன்று பேரையும், காலையிலிருந்து கடலில் கிடந்துவிட்டுக் கரையேறிய ஒரு வலைக்காரரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். சாட்சி உப்பை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கச் சொன்னார், கூடையைக் கொடுத்தார், எண்ணிப் போடுங்கள் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. முதல் பெண் கூடையை உப்பில் அமுக்கித் தூக்கி, "லாபம்" என்றாள், "ரெண்டு" என்றாள். அடுத்தவளும் லாபம் என்றாள். அதற்கடுத்தவளும். வலைக்காரர் கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இழுத்துப் பாடுகிற மாதிரி, "லாபம்... லாபமே..." என்றார்.

சார் ஆட்சியர் மெல்லத் தாசில்தார் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"எங்க வீட்டுலயும் நெல்லு அப்படித்தான் மேடம் அளப்பாவ."

"ஏன் சொல்லல?"

"கோப்புல அந்தக் கேள்வி இல்லியே மேடம்."

நஞ்சுண்டராவ் மேசை மேலிருந்த துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தார். முப்பது வருஷமாக எத்தனையோ ரிவால்வர்களின் முதல் எண்ணைத் தேடி நாடு நாடாக அலைந்தவர் அவர், ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. "அப்படின்னா இதைச் செஞ்சவன் இந்தக் கரையில பொறந்தவன்" என்றார். கண் நிறைந்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் முன்னால் சண்முகக்கனியிடம் வந்து, "இருநூத்தி எழுபத்து நாலும்மா. என் ஆயிரத்து இருநூறை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று கை கூப்பினார். அவள் பதறிப்போய், "ஐயா, நீங்க இருந்து பாத்ததுனாலதான்..." என்று ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். பயம் போன அழுகை அது, நிறுத்த அவளுக்கு மனமும் இல்லை.

சார் ஆட்சியர் பதிவேட்டைத் திறந்தார். எண் என்ற கட்டத்தில் முதல் வரியில் 'லாபம்' என்று எழுதினார், இரண்டாம் வரியில் 2 என்று எழுதினார், கீழே மொத்தம் 274 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கத்திரிக்கோலைச் சண்முகக்கனியிடம் கொடுத்தார். அவள் அதை லூர்தம்மாளிடம் கொடுத்தாள். லூர்தம்மாள் கத்திரிக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்லால் கடித்தே மஞ்சள் நாடாவை அறுத்தாள்.

துப்பாக்கிகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக மத்தியானம் லாரி வந்தது. ஏற்றும்போது ஒருமுறை எண்ண வேண்டும் என்பது விதி. வெளியூரிலிருந்து வந்த லாரிப் போலீஸ்காரர் முதல் துப்பாக்கியைத் தூக்கி, பெட்டிக்கு நேரே பிடித்து, "ஒ..." என்று வாயெடுத்தார்.

"லாபம்!" என்று சங்குமுனை மொத்தமும் கத்தியது.

அவர் கையிலிருந்து துப்பாக்கி பெட்டிக்குள் விழுந்தது. பிறகு அவர் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க, ஊர் எண்ணியது. ரெண்டு, மூணு, நாலு என்று பெண்கள் தொடங்கினார்கள், ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள், பாத்தியில் இறங்கிப் பலகை போடத் தொடங்கியவர்கள் போட்டபடியே சேர்ந்துகொண்டார்கள், அறுபதும் அறுபத்தொன்றும் வந்தபோது அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு கத்தினார்கள், 143க்கு ஒரு கைதட்டல் விழுந்தது, நூறு தாண்டி, இருநூறு தாண்டி, நஞ்சுண்டராவின் குன்னூர்க் குரலும் சார் ஆட்சியரின் மெல்லிய குரலும் அதற்குள் கலந்து, கடல் சத்தம் கேட்காத அளவுக்கு அந்த எண்ணல் ஏறிக்கொண்டே போனது. இருநூற்று எழுபத்து மூன்று என்று கத்திவிட்டு, யாரும் சொல்லி வைக்காமலே, ஊர் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பலகைகள் நின்றன. லாரிப் போலீஸ்காரர் கடைசித் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். எல்லோரும் சண்முகக்கனியைப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள், படிக்கட்டில் நின்று ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் குரலை எடுத்து, காற்றுக்கு எதிரே நின்று சொன்னாள்.

"எரநூத்தி எழுவத்தி நாலு. ரைட், போலாம்!"